வீட்டில் எத்தனை பேர்

"ஐயா குளித்துக்கொண்டிருக்கிறார். ஐந்து நிமிடம் பொறுத்துக்கொள்ளுங்கள்" என்றது கதவு.

பொறுத்துக்கொண்டேன். வந்தவளை வாசலில் நிறுத்திவைக்கும் வீடுகள் மீது எனக்குக் கோபம் வருவதில்லை. அந்த மாதிரி வீடுகள்தான் எனக்குச் சோறு போடுகின்றன. மதுரை ஒத்தக்கடையில், யானைமலையைப் பார்த்தபடி நிற்கும் அடுக்குமாடி ஒன்றின் பதினாலாவது தளம். காலை ஒன்பது மணி. உள்ளே தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது, பிறகு நின்றது. கதவைத் திறந்த அம்மாளுக்கு அறுபத்தேழு வயது. முதுகு நேராக இருந்தது. இடது முழங்கையில் கட்டு போட்டிருந்தார்.

"ஐயா வரட்டும்மா, அதுவரைக்கும் உக்காந்திருக்கேன்" என்றேன்.

"எந்த ஐயா?"

"குளிக்கிறதா வீடு சொல்லுச்சே."

"அது அப்படித்தான் சொல்லும். அவரு போயி ஒம்பது வருசமாச்சு. உள்ள வா."

என் பெயர் செண்பகவல்லி. அட்டையில் 'பழக்க ஒழுங்கமைப்பாளர்' என்று போட்டிருக்கிறேன். ஊரில் 'வீடு ஒதுங்க வைக்கிறவ' என்பார்கள். ஊர் வைத்த பெயர்தான் எனக்குப் பிடிக்கும். தொழிலுக்கு வந்த புதிதில் பீரோக்களையும் பரண்களையும் ஒதுங்க வைத்தேன். இப்போது யார் வீட்டிலும் பரணே கிடையாது, வைக்க இடமில்லாததால் பொருளும் சேருவதில்லை. சேருவதெல்லாம் பழக்கங்கள்தான். வீடு கட்டும்போதே சுவருக்குள் ஒரு மூளையை வைத்து அனுப்புகிறார்கள். யார் எப்போது எழுவார், யாருக்கு எத்தனை சூட்டில் வெந்நீர், யார் வந்தால் எந்த விளக்கு என்று குடியிருப்பவர்களைப் பார்த்துப் பார்த்து அது கற்றுக்கொள்கிறது. கற்றதைக் கேட்காமலே செய்கிறது. லேசில் மறக்க மட்டும் அதற்குத் துப்பில்லை. பிள்ளை வெளிநாடு போய்ப் பத்து வருஷம் ஆன பிறகும், அவன் பரீட்சைக்குப் படிப்பதாக நினைத்துக்கொண்டு டிவியின் சத்தத்தைக் குறைத்துக்கொண்டே இருக்கும்.

அப்படிச் சேர்ந்து கிடப்பதை, குடியிருப்பவரோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டு, வேண்டியதை வைத்து வேண்டாததை எடுப்பது என் வேலை. இருபத்திரண்டு வருஷத்தில் முந்நூற்றுப் பதினோரு வீடுகள். எடுத்ததைத் திருப்பிக் கொடு என்று இதுவரை ஒருவரும் கூப்பிட்டதில்லை. இதைப் பெருமையாகத்தான் சொல்கிறேன். அடக்கம் எனக்கு வராது, வரவழைத்துக்கொள்ளவும் நான் முயன்றதில்லை.

அந்த அம்மாள் பெயர் ரத்தினவதி. மகள் செந்தாமரை ஆக்லாந்திலிருந்து என்னை அமர்த்தியிருந்தாள். போன மாதம் அம்மாள் சமையலறையில் வழுக்கி விழுந்து, நாற்பது நிமிஷம் தரையில் கிடந்து, பிறகு தானே எழுந்திருக்கிறார். வீடு யாரையும் உதவிக்குக் கூப்பிடவில்லை. அறுபத்தைந்து வயதுக்கு மேல் தனியாக இருப்பவர் விழுந்தால், முப்பது விநாடிக்குள் வீடு வெளியே தகவல் சொல்லியாக வேண்டும் என்பது விதி. சொல்லாத வீட்டில் தனியாக இருக்க அனுமதி ரத்தாகிவிடும். கூட்டுக் குடியிருப்புக்குப் போக வேண்டியதுதான். சுவரில் பதிவான கதை நலத்துறைக்குப் போய், இன்று மாலை நாலு மணிக்கு ஆய்வாளர் வருகிறார்.

"கூட்டுக் குடியிருப்புல என்னம்மா குறை? நல்லாத்தான பாத்துக்குறாங்க" என்று நான் ஒரு பேச்சுக்குக் கேட்டு வைத்தேன்.

"எட்டு மணிக்குப் படு, ஆறு மணிக்கு எந்திரின்னு எனக்கு ஒருத்தன் மணி அடிப்பானா? முப்பத்தஞ்சு வருசம் ரயில் ஓட்டுனவ நான். ஆயிரத்தி எரநூறு பேரு பின்னால தூங்குவாங்க, நான் முழிச்சிருப்பேன். எனக்கு இந்த வீடு போதும். நாலு மணிக்குள்ள இதைச் சரி பண்ணிக் குடு. எதைக் கேட்டாலும் பதில் சொல்றேன்."

"சரி பண்ணிரலாம்மா."

"ஒரேயடியாத் துடைச்சு விட்டா என்ன? கம்பெனிக்காரங்க தூரத்துல இருந்தே பத்து நிமிசத்துல துடைச்சிருவாங்கன்னு மக சொன்னா."

"துடைச்சா உங்களையும் சேத்து மறந்துரும். நீங்க குனியிறது எது, விழுறது எதுன்னு அதுக்குத் தெரியாது. திரும்பக் கத்துக்க ஆறு மாசம் ஆகும். ஆய்வாளர் இன்னைக்கு வர்றாரு."

"அப்ப கையாலதான் பொறுக்கணும்."

"அதுக்குத்தான நான் வந்திருக்கேன்."

வழக்கப்படி குளியலறையிலிருந்து ஆரம்பித்தேன். வீடு பட்டியலைச் சத்தமாக வாசித்தது. மொத்தம் ஆயிரத்து நூற்று நாற்பத்து மூன்று பழக்கங்கள். அம்மாளுடையவை நூற்றுத் தொண்ணூறு, மகளுடையவை இருநூற்று நாற்பது. மீதி எழுநூற்றுப் பதின்மூன்றும் கணவர் சங்கரலிங்கத்துடையவை. ஒரு மனிதர் ஒரு வீட்டில் இவ்வளவு இடத்தை அடைத்து நான் பார்த்ததில்லை.

"அவரு தையல்காரரு. வீட்டுலயேதான் மிஷினைப் போட்டிருந்தாரு" என்றார் அம்மாள். "சோறு பொங்குறது, பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புறது எல்லாம் அவருதான். நான் வருவேன், திம்பேன், தூங்குவேன், போயிருவேன். வீடு அவரைப் பாத்துத்தான் வளந்துச்சு."

வேலை செய்யும் முறையில் எனக்கே ஒரு பாடம் வைத்திருந்தார். ரயில் ஓட்டுபவர்கள் சிக்னலைப் பார்த்ததும் கையை நீட்டி, என்ன நிறம் என்று வாய்விட்டுச் சொல்வார்களாம். பக்கத்தில் இருக்கும் துணை ஓட்டுநர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டுமாம். அப்படிச் சொன்னால்தான் கண் ஏமாற்றாது என்றார். வீடு ஒரு பழக்கத்தை வாசித்ததும் அவர் கட்டு போடாத கையை நீட்டினார்.

"செந்தாமரையின் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வுக்காக அதிகாலை நான்கு மணிக்குப் படிப்பு மேசை விளக்கு."

"சிவப்பு!"

நான் சும்மா நின்றேன். என்னை முறைத்தார்.

"சிவப்பு" என்றேன். எடுத்தேன்.

"செந்தாமரையின் பாட்டு ஆசிரியைக்கு வியாழக்கிழமை மாலை மின்தூக்கியை நிறுத்திவைத்தல்."

"சிவப்பு!"

"சிவப்பு."

"அம்மாவுக்கு ரத்த அழுத்த மாத்திரை நினைவூட்டல்."

"பச்சை!"

"பச்சை."

இப்படியே பதினோரு மணிக்குள் மகளுடைய இருநூற்று நாற்பதும் காலியாகிவிட்டன. பிள்ளைகளின் பழக்கங்களை எடுக்கும்போது தாய்மார்கள் அழுவார்கள். அதற்கென்றே நான் ஒரு கைக்குட்டை கூடுதலாக வைத்திருப்பேன். இந்த அம்மாள் கைக்குட்டைக்கு வேலையே வைக்கவில்லை. என் வேகத்துக்கு ஈடுகொடுத்த ஆள் இவர் ஒருவர்தான். எனக்கு உற்சாகம் தாங்கவில்லை, இரண்டு மணிக்கெல்லாம் முடித்துவிட்டுக் காலை நீட்டிக் காபி குடிக்கலாம் என்று கணக்குப் போட்டேன்.

சங்கரலிங்கத்தின் பட்டியல் தொடங்கியது.

"காலை ஒன்பது மணிக்கு ஐயா குளிக்க வெந்நீர்."

கை நீண்டது. "மஞ்சள்."

"மஞ்சள்னா என்னம்மா?"

"திருப்பிச் சொல்லு மொதல்ல."

"மஞ்சள்."

"நிறுத்தத் தயாரா மெதுவாப் போன்னு அர்த்தம். அடுத்தது."

அடுத்ததும் மஞ்சள். அதற்கடுத்ததும் மஞ்சள். தையல் மிஷினே இல்லாத மூலையில் எரியும் விளக்குக்கு மஞ்சள், யாரும் கேட்காத ஏழு மணிச் செய்திக்கும் மஞ்சள். நாற்பது பழக்கங்கள் வாசித்தாகிவிட்டது, ஒன்றுகூடச் சிவப்பாகவில்லை.

"அம்மா பணிபுரிந்த வண்டி மதுரைக்கு வந்து சேர்ந்ததும், எந்த நேரமானாலும், கூடத்து விளக்கைப் போட்டு ரசத்தைச் சூடாக்குதல். ஐயா கற்றுக்கொடுத்தது" என்று வீடு வாசித்தது.

அவர் கையை நீட்டவே இல்லை.

"நான் வண்டியில இருந்து எறங்கி ஏழு வருசமாச்சு" என்றார். "வண்டி இன்னும் வருது. விளக்கு எரியுது. ரசந்தான் இல்லை, வெறும் சட்டி சூடாகும். இது குப்பையா, சொல்லு?"

"குப்பைன்னு நான் எதையும் சொல்லமாட்டேம்மா. ஆனா எனக்கு ஒண்ணு மட்டும் புரியல. ஒரு ஆளு நாப்பது நாள் வீட்டுல தட்டுப்படலைன்னா, குரலும் கேக்கலைன்னா, அவரைத் தானா எடுத்துரணும், அப்படித்தான் இதைச் செஞ்சிருக்காங்க. வெளிநாட்டுப் பிள்ளைங்க போன்ல பேசிக்கிட்டே இருப்பாங்க, செந்தாமரையும் அப்படித்தான், அதனால அவங்க பட்டியல் அழியாம இருந்துச்சு. ஐயாவுக்கு ஒம்பது வருசம். இன்னும் ஏன் இருக்காரு?"

அவருக்குத் தெரியவில்லை. நான் வீட்டையே கேட்டேன்.

"சங்கரலிங்கம் கடைசியாக எப்போது இந்த வீட்டில் இருந்தார்?"

"பத்தொன்பது நாட்களுக்கு முன்பு" என்றது வீடு.

நான் சுற்றிலும் பார்த்தேன். "என்ன செய்தார்?"

"சாப்பிட்டார். அம்மா 'ஏங்க, வாங்க, ஆறுது' என்று அழைத்தார். இலை போட்டு அயிரை மீன் குழம்பும் அவித்த முட்டையும் பரிமாறினார். புது வேட்டி வைத்தார். அறைக் கதவு பன்னிரண்டு நிமிடம் மூடியிருந்தது. பிறகு இலை காலியாக வெளியே வந்தது."

ரத்தினவதி அம்மாள் தலையில் கை வைத்துக்கொண்டார். "அமாவாசைப் படையல்!"

மாதம் தவறாமல் அமாவாசைக்கு அவருக்குப் படைக்கிறார். பிடித்ததைச் சமைத்து, படத்துக்கு முன்னால் இலை போட்டு, 'ஏங்க' என்று கூப்பிட்டு, அவர் நிம்மதியாகச் சாப்பிடட்டும் என்று கதவைச் சாத்திவிட்டு வெளியே நிற்கிறார். பிறகு கொஞ்சத்தைக் காக்கைக்கு எடுத்து வைத்துவிட்டு, உள்ளே கதவைச் சாத்திக்கொண்டு அந்த இலையிலேயே உட்கார்ந்து சாப்பிடுகிறார். மூடிய கதவுக்குப் பின்னால் வீடு பார்க்கக் கூடாது என்று சட்டம். அதற்குத் தெரிந்ததெல்லாம் கூப்பிட்டார்கள், பரிமாறினார்கள், இலை காலியானது என்பதுதான். நாற்பது நாள் காத்திருக்கலாம் என்று பார்த்தால் முப்பது நாளைக்கு ஒரு முறை ஆள் சாப்பிட வந்துவிடுகிறார். வீட்டு மூளையைச் செய்தவர்களுக்குப் படையல் என்று ஒன்று உண்டென்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. அம்மாளும் சிரித்தார்.

சிரித்து முடித்த பிறகுதான் மீதி விளங்கியது. வீட்டில் இன்னொரு பெரிய ஆள் இருந்தால், விழுந்தவருக்கு உதவ வெளியே யாரையும் கூப்பிட வேண்டியதில்லை. உள்ளே இருப்பவரைக் கூப்பிட்டால் போதும்.

"அம்மா விழுந்த அன்று என்ன செய்தாய்?" என்று கேட்டேன்.

"ஐயாவை அழைத்தேன்."

"எத்தனை முறை?"

"இருநூற்று நாற்பது முறை. பத்து விநாடிக்கு ஒன்று. 'சங்கரலிங்கம் ஐயா, சமையலறைக்கு வாருங்கள்' என்று எல்லா அறைகளிலும் சொன்னேன். அவர் வரவில்லை."

நான் அம்மாளைத் திரும்பிப் பார்த்தேன். அவர் ஜன்னல் வழியே யானைமலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, உங்களுக்கு நெனவு இருந்துச்சுல்ல? உதவின்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தாக்கூட வீடு வெளிய சொல்லியிருக்குமே."

"தெரியும்."

"தெரிஞ்சுமா பேசாம கெடந்தீங்க?"

அவர் மலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அவரு பேரை யாரும் வாய்விட்டுச் சொல்லி எத்தனை வருசமாச்சு தெரியுமா? மக 'அப்பா'ம்பா. நான் 'ஏங்க'ம்பேன். அன்னைக்கு வீடு முழுக்க அந்தப் பேரு. கூடத்துல கேக்குது, படுக்கை அறையில கேக்குது. வருவாரோன்னு படுத்தே கெடந்தேன். எனக்கு எந்திரிக்க மனசு வரல, தாயி."

அவர் ஜன்னலை விட்டுத் திரும்பினார்.

"அவரு விழுந்ததும் அதே சமையக்கட்டுதான்" என்றார். "ஆம்புலன்சைக் கூப்புட்ட கையோட வீடு என்னையும் கூப்புட்டிருக்கு. ரயில் எஞ்சின்ல ஏறுனா நாங்க போனை அணைச்சு வச்சிரணும். விழுப்புரத்துல நின்னப்பத்தான் சேதி சொன்னாங்க. அம்பத்தாறு தடவை கூப்புட்டிருக்கு. நான் வரலைல்ல? அவரு மட்டும் எதுக்கு வரணும்?"

எனக்கு அழுகை வந்தது. கூடுதல் கைக்குட்டையை நானே எடுத்துக்கொண்டேன். முந்நூற்றுப் பதினோரு வீடுகளில் அது எனக்குப் பயன்பட்டது அதுதான் முதல் தடவை.

மணி இரண்டரை. செய்ய வேண்டியது ஒன்றுதான், அதை நான் சொல்லியாக வேண்டும். ஒரு ஆளைக் கணக்கிலிருந்து எடுக்க என்னால் முடியாது. குடும்பத் தலைவர் தம் குரலில், தம் வாயால் வீட்டுக்குச் சொல்ல வேண்டும். இவர் இந்த வீட்டில் இல்லை என்று சொல்ல வேண்டும்.

"மாட்டேன்" என்றார்.

"அம்மா, ஆய்வாளர் வந்து உங்களைத் தரையில படுக்கச் சொல்லுவாரு. வீடு மறுபடி ஐயாவைக் கூப்புடும். முப்பது செகண்டு தாண்டிரும். இன்னைக்கே அனுமதியை ரத்து பண்ணிட்டுப் போயிருவாரு."

"பண்ணட்டும். இந்த வீட்டுல இருக்கணும்னு நான் அடம் புடிக்கிறதே அவரு இங்க இருக்காருன்னுதான். அவரை அனுப்பிட்டு நான் மட்டும் இருந்து என்னத்தைக் கிழிக்கப் போறேன்?"

அவர் சொன்னதில் தப்பு இல்லை. என்னிடம் சாமர்த்தியம் மிச்சமிருந்தது, அதைக் காட்டினேன். வேண்டாததைக் கழித்துப் போட எவன் வேண்டுமானாலும் வரலாம். எதற்கும் ஒரு இடம் பார்த்து வைப்பவள்தான் ஒதுங்க வைக்கிறவள்.

"விருந்தாளின்னு போட்டுரலாம்மா. அமாவாசைக்கு அமாவாசை வந்து சாப்புட்டுப் போறவரு. மத்த நாள் வீடு உங்களைத் தனி ஆளா எடுத்துக்கும்."

முகம் சிவந்துவிட்டது அவருக்கு. "யாரு விருந்தாளி? இந்த வீட்டுல விருந்தாளியா இருந்தவ நான்! மாசத்துல பாதி நாள் கண்ட ஊரு ரன்னிங் ரூம்ல படுத்துக் கெடந்தவ நான்! அவருக்கு இந்தப் பேரா?"

என் சாமர்த்தியம் அங்கே படுத்துவிட்டது. மன்னிப்புக் கேட்டேன். அவர் என் கையிலிருந்த திரைப் பலகையை வாங்கி, ஆட்களை என்னென்ன வகையாகப் போடலாம் என்ற பட்டியலைத் தாமே படித்தார். கண்ணாடி இல்லாமலே படித்தார். குடியிருப்பவர், விருந்தினர், வேலைக்கு வருபவர் என்று விரல் இறங்கிக்கொண்டே போய் ஓரிடத்தில் நின்றது.

"'உதவ இயலாதவர்.' இது யாரு?"

"அது கைக்குழந்தைக்கும்மா. படுத்த படுக்கையா கெடக்குறவங்களுக்கும் போடுவாங்க. அவங்களால எந்திரிச்சு வந்து உதவ முடியாது. கூப்புட்டாலும் குரல் குடுக்க முடியாது. ஆனா வீட்டுல இருக்காங்கன்னு வீட்டுக்குத் தெரியும்."

"இருக்காங்க. ஆனா வர முடியாது."

"ஆமாம்மா."

"இதுல போடு."

 இருபத்திரண்டு வருஷமாக அந்தப் பட்டியலை நானும்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இறந்தவர்களை எத்தனையோ வீடுகளிலிருந்து, எத்தனையோ அழுகைகளுக்கு நடுவே எடுக்க வைத்திருக்கிறேன். ஒரு முறைகூட இது எனக்குத் தோன்றவில்லை. ரோஷமாக இருந்தது, ஆனால் அந்த ரோஷத்தைவிட அவர்மேல் வந்த பெருமை பெரிதாக இருந்தது.

"நீங்கதான் சொல்லணும்மா. உங்க வார்த்தையில."

அவர் எழுந்து கூடத்தின் நடுவில் போய் நின்றார். முந்தானையைச் செருகிக்கொண்டார். கை நீட்டவில்லை. சொல்லத் தொடங்கி, இரண்டு தடவை நிறுத்தினார். மூன்றாவது தடவை குரல் தெளிவாக வந்தது.

"சங்கரலிங்கம் இங்கதான் இருக்காரு. இனிமேலும் இருப்பாரு. ஆனா அவரால எந்திரிச்சு வர முடியாது. நான் விழுந்தா அவரைக் கூப்புடாத. அவருக்கு..." என்று நிறுத்தி, மூச்சை இழுத்து விட்டார். "அவருக்குக் கேக்காது."

"புரிந்துகொண்டேன்" என்றது வீடு.

கணவரின் பெயர் சொல்லி அவர் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. எழுநூற்றுப் பதின்மூன்று பழக்கங்களும் ஒவ்வொன்றாக நின்றன. படுத்திருப்பவருக்காக வீடு வெந்நீர் போடுவதில்லை, செய்தியும் வைப்பதில்லை. கூடத்து விளக்கை மட்டும் அம்மாள் தம் பெயருக்கு மாற்றிக்கொண்டார். "பச்சை" என்றார், நானும் சொன்னேன்.

நாலு மணிக்கு ஆய்வாளர் ஞானதுரை வந்தார். கதவு அவரை உடனே உள்ளே விட்டது. நாற்பது வயது இருக்கும், நல்ல மனிதர், வியர்த்துக் கொட்டியது. சமையலறைத் தரையைப் பார்த்துவிட்டு, "ஒரு பாய் விரிச்சுக்கலாமாம்மா?" என்றார்.

"விழும்போது பாய் யாரு விரிக்கிறா?" என்று கேட்டுவிட்டு ரத்தினவதி அம்மாள் வெறுந்தரையில் பக்கவாட்டாகப் படுத்தார். கட்டுப் போட்ட கையை வயிற்றின் மேல் வைத்துக்கொண்டார்.

ஆய்வாளர் நேரத்தைத் தட்டினார். நான் மனதுக்குள் எண்ணினேன். வீடு அமைதியாக இருந்தது.  ஒரு பழக்கம் எங்காவது சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தாலும் போதும், இப்போது அவர் பெயரைச் சொல்லிவிடும். அம்மாளும் அதற்குத்தான் காது கொடுத்துக் கிடந்தார் என்று நினைக்கிறேன். கண்களை மூடியிருந்தார்.

எட்டு எண்ணியபோது விளக்குகள் எல்லாம் ஒன்றாக எரிந்தன. ஒன்பதில் வீடு பேசியது.

"ரத்தினவதி அம்மா விழுந்துவிட்டார். பதினாலாவது தளம், சமையலறை. உடனே உதவி வேண்டும்."

வேறு யார் பெயரையும் அது சொல்லவில்லை. ஆய்வாளர் சோதனை என்று சொல்லி அழைப்பை நிறுத்தினார். கை கொடுக்கக் குனிந்தார். அம்மாள் கையைப் பிடிக்காமல், ஒரு முழங்காலை ஊன்றி, அடுப்பு மேடையைப் பிடித்து, தாமாகவே எழுந்தார். கண் ஈரமாக இருந்தது, துடைத்துக்கொள்ளவில்லை.

"ஒம்பது செகண்டா?" ஆய்வாளர் பலகையைத் தட்டித் தட்டிப் பார்த்தார். "தனியா இருக்கவங்க வீட்டுக்கு முப்பதுதான வச்சிருப்பாங்க. இவ்வளவு வெரசா கூப்புடாதே."

எனக்கும் புரியவில்லை. நான் எந்த நேரத்தையும் மாற்றவில்லை.

"ஓ, சரி சரி" என்றார் அவரே. "உங்க வீட்டுல உதவ இயலாதவர் ஒருத்தர் இருக்காரா? அதான். கைக்குழந்தை இருக்க வீட்டுல தாய் விழுந்துட்டா முப்பது செகண்டு காத்திருக்க முடியாதுல்ல. அவங்களை நம்பி ஒரு உசுரு இருக்கே. அதனால பத்துக்குள்ள கூப்புடும். நல்லதாப் போச்சும்மா, உங்களுக்கு மத்தவங்களவிட மூணு மடங்கு பாதுகாப்பு. யாரு அவரு? உள்ள படுத்திருக்காரா?"

நான் பேச வாயெடுத்தேன். ரத்தினவதி அம்மாள் கையைக் காட்டி என்னை நிறுத்தினார். அவர் பொய் சொல்லமாட்டார் என்று எனக்குத் தெரியும். எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

"என் வீட்டுக்காரரு. செத்து ஒம்பது வருசமாச்சு" என்றார்.

ஆய்வாளர் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு படிவத்தை மேலிருந்து கீழ்வரை ஒரு முறை, கீழிருந்து மேல்வரை ஒரு முறை வாசித்தார். குளிர்சாதனம் ஓடியும் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"உசுரோட இருக்காரான்னு இதுல ஒரு கட்டமே இல்லம்மா" என்றார் மெதுவாக. "வீட்டுல இருக்காரா, எந்திரிச்சு வர முடியுமா, அவ்வளவுதான் கேட்டிருக்கு."

"ரெண்டுக்கும் நான் சொன்னது நெசந்தான்."

அவர் தலையாட்டினார். இரண்டு கட்டங்களில் குறி போட்டார். கடைசிக் கட்டத்தில் விரல் நின்றது.

"அவரைப் பாத்துக்குறது யாருன்னு ஒரு பேரு போடணும். யாரு பேரைப் போட?"

ரத்தினவதி அம்மாள் முந்தானையை உதறி, தோளில் சரியாகப் போட்டுக்கொண்டார்.

"நான்தான். இருபத்தாறு வருசம் அவரு என்னைப் பாத்துக்கிட்டாரு. இன்னைக்கு நான் சார்ஜ் எடுத்திருக்கேன். கொஞ்சம் லேட்டு. எழுதிக்கங்க."

அவர் எழுதிக்கொண்டார்.